பெயிண்ட் பூசிய குன்று: ஹைட்டி ஓவியத்தின் மீதான ஒரு தவறான தீர்ப்பு

ஹைட்டி நாட்டு ஓவியத்தைப் பற்றி மேலைநாட்டுக் கேலரிகளும் சுற்றுலாக் கையேடுகளும் பல பத்தாண்டுகளாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. அது முறையாகப் பயிலாதவர்களின் வெகுளி ஓவியம். பளிச்சென்ற வண்ணத்தில் சந்தையையும் சேவல் சண்டையையும் கனி தொங்கும் தோட்டத்தையும் காட்டும். வாசலுக்கு வெளியே பசியும் துப்பாக்கிச் சத்தமும் இருந்தாலும் அந்தப் பக்கம் தலை திருப்பாது. இதைப் பாராட்டாகச் சொல்பவர்கள் உண்டு. இத்தனை துன்பத்திலும் இந்த மக்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் பாருங்கள் என்பார்கள். குறையாகச் சொல்பவர்களும் உண்டு. நாடு எரியும்போது பூ வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்பார்கள். சமூகம் கைவிட்டவர்களைப் பற்றி, அதிலும் சிறுவர்களையும் இளைஞர்களையும் பற்றி, ஹைட்டி ஓவியத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஒருமித்த கருத்துதான் தவறு.

தீர்ப்பு கலை விமர்சனத்தோடு நின்றிருந்தால் அதை மறுக்க இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 2013-ல் அது அரசுத் திட்டமாகவே உருவெடுத்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேலே, வசதி படைத்தவர்கள் வாழும் பெத்தியோன்வில்லை ஒட்டிய மலைச்சரிவில் ஜலூசி என்னும் குடியிருப்பு இருக்கிறது. பூசப்படாத சிமெண்ட் கல் வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்க, பல்லாயிரம் பேர் அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அப்போதைய அதிபர் மிஷேல் மார்டெலியின் அரசு 14 லட்சம் டாலர் ஒதுக்கி, முதல் கட்டமாக 1,000 வீடுகளின் சுவர்களுக்கு ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பெயிண்ட் அடித்தது. 2012 அக்டோபரில் காலமான ஓவியர் ப்ரெஃபெட் டுஃபோவுக்கு இது அஞ்சலி என்று அறிவிக்கப்பட்டது. அவருடைய படங்களில் வரும் வண்ண வண்ண மலைநகரங்களைப் போலவே ஜலூசியும் ஆகிவிடுமாம்.

எந்தச் சுவர்களுக்குப் பெயிண்ட் கிடைத்தது என்பதைக் கவனித்தால் அஞ்சலி யாருக்கு என்பது விளங்கும். பெத்தியோன்வில்லில் அப்போது புதிதாக எழும்பிய ஹோட்டல்களின் ஜன்னல்களைப் பார்த்தபடி இருந்த சுவர்களுக்குத்தான் முதல் மரியாதை. குழாய்த் தண்ணீர் வரவில்லை. சாக்கடை வரவில்லை. நிலநடுக்கப் பிளவுக் கோட்டை ஒட்டிய சரிவில் இடிந்து விழாதபடி வீடுகளைப் பலப்படுத்தும் வேலையும் வண்ணத்தோடு சேர்ந்து வரவில்லை. தண்ணீர் வாளியைத் தலையில் சுமந்து செங்குத்துப் படிகளில் ஏறும் பிள்ளைகள் பெயிண்ட் அடித்த பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹோட்டலிலிருந்து பார்ப்பவருக்கு அவர்களின் பின்னணி மட்டும் அழகாகியிருந்தது. பூசி மெழுகுவதற்கு ஓர் ஓவியரின் பெயர் தேவைப்பட்டது. வெகுளி ஓவியர் என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டவரின் பெயர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

டுஃபோவின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்திருந்தால் அந்தப் பெயரைத் தொட அரசு தயங்கியிருக்கும். அவர் 1923-ல் தென்கரை நகரமான ஜக்மெல்லுக்கு அருகே சிவாதியேயில் பிறந்தவர். தந்தையோடு சேர்ந்து படகு கட்டும் தொழில் செய்தவர். கன்னி மரியாள் காட்சி தந்து தன் ஊரை வரையச் சொன்னதாக அவர் சொல்லிவந்த கதையைக் கேலரிகள் சலிக்காமல் திருப்பிச் சொல்லும். படத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் கேலரிகள் குறைவு. கடலிலிருந்து குன்றுகள் நட்டுக்குத்தலாக எழும். அவற்றைச் சுற்றி நாடா போலப் பாதை வளைந்து வளைந்து மேலேறும். ஒரு குன்றின் உச்சியிலிருந்து மறு குன்றுக்குப் பாலம் பாயும். கீழே துறைமுகத்தில் கப்பல்கள் நிற்கும். பாதையெங்கும் எறும்பளவு மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம். கண்ணை வைத்து எந்தப் பாதையைப் பின்தொடர்ந்தாலும் அது ஒரு வீட்டு வாசலில் போய் முடியும். போய்ச் சேர வழியில்லாத வீடு என்று ஒன்று இல்லை.

இதைக் கனவு என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் ஜக்மெல்லைத் தலைநகரோடு இணைக்கும் நல்ல சாலை 1970-களில்தான் போடப்பட்டது. அதுவரை மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்து கடந்து போக வேண்டிய வழி அது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் வாழ்நாள் முழுக்கச் சாலையும் பாலமும் துறைமுகமும் வரைந்தார் என்றால், அதை ஊர்த் திட்ட வரைபடம் என்றே கொள்ளலாம். கோரிக்கை மனு என்றும் கொள்ளலாம். அவர் படத்தின் கட்டமைப்பைத் தொடாமல் வண்ணத்தை மட்டும் உரித்தெடுத்துச் சுவரில் ஒட்டியது ஜலூசித் திட்டம். பாலத்தையும் பாதையையும் விட்டுவிட்டு டுஃபோவை எடுத்துக்கொள்வது சாவித்துவாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்வது போலத்தான்.

வெகுளி என்ற முத்திரை வந்த வழியும் சுத்தமானதல்ல. 1944 மே 14 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸில் ‘சாந்த்ர் தார்’ என்னும் கலை மையம் திறக்கப்பட்டது. ஆங்கில ஆசிரியராக வந்திருந்த அமெரிக்க நீர்வண்ண ஓவியர் டிவிட் பீட்டர்ஸ் இதன் மூலவர் என்று எல்லா நூல்களும் சொல்லும். அதில் தவறில்லை. உடன் நின்ற ஹைட்டி எழுத்தாளர்களும் கட்டடக் கலைஞர்களும் இளம் ஓவியர்களும் பெரும்பாலான நூல்களில் அடிக்குறிப்புக்குக்கூட வருவதில்லை. பிறகு கதை ஒரே நேர்கோட்டில் ஓடும்: மோன்ருயீயில் ஒரு மதுக்கடைக் கதவில் பறவையும் பூவும் வரைந்திருந்த வூடூ பூசாரி ஹெக்டர் ஹிப்போலிட்டைப் பீட்டர்ஸ் தேடிப் பிடித்தார், 1945 டிசம்பரில் சர்ரியலிசத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் வந்தார், ஹிப்போலிட்டின் படங்களைப் பார்த்து வியந்து வாங்கிப் போனார், உலகம் ஹைட்டியைக் கண்டுகொண்டது.

அதே பிரெத்தோன் வருகையின்போது அதே ஊரில் நடந்த இன்னொன்று இந்தக் கதையில் எப்போதும் விடுபடுகிறது. பிரெத்தோன் போர்ட்-ஓ-பிரின்ஸில் உரையாற்றியபோது கூட்டத்தில் இருந்தவர்களில் ‘லா ரூஷ்’ என்னும் மாணவர் வார இதழை நடத்திய இளைஞர்களும் உண்டு. கவிஞர் ரெனே தெப்பெஸ்த்ருக்கு 19 வயது. பின்னாளில் பெரிய நாவலாசிரியரான ழாக் ஸ்தெஃபான் அலெக்ஸிக்கு 23. அவர்களோடு தோளோடு தோள் நின்ற ஜெரால்ட் ப்லோன்கூர் 19 வயது ஓவியர். கலை மையத்தின் நிறுவனர்களில் ஒருவர். பிரெத்தோனுக்கென ஒரு சிறப்பிதழைப் புத்தாண்டு நாளில் அவர்கள் கொண்டுவந்தார்கள். அதிபர் எலி லெஸ்கோவின் அரசு இதழைத் தடை செய்து ஆசிரியர்களைப் பிடித்தது. 1946 ஜனவரி 7-ல் மாணவர்கள் வகுப்புகளை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அரசு ஊழியர்களும் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 11-ம் தேதி லெஸ்கோவின் ஆட்சி போய்விட்டது.

கலை மையத்தின் வரலாற்றில் இது ஓரமாக நடந்த சம்பவமல்ல. ப்லோன்கூரின் அண்ணன் டோனி பாரிஸில் நாஜி எதிர்ப்புப் படையில் சேர்ந்து 1942 மார்ச்சில் 21 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். தம்பி அந்தச் செய்தியோடு வளர்ந்து, படம் வரையக் கற்றுக்கொண்டு, கலை மையம் எழும்ப உதவி, 19 வயதில் ஓர் அரசாங்கம் கவிழக் காரணமானவர்களில் ஒருவரானார். 1946-லேயே நாடு கடத்தப்பட்டார். பிரான்சில் குடியேறியபின் தூரிகையோடு கேமராவையும் எடுத்தார். பாரிஸ் புறநகர்ச் சேரிகளில் சேற்றுக்குள் வாழ்ந்த போர்ச்சுகல் நாட்டுக் கூலிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் படமெடுத்து வைத்தார். கைவிடப்பட்டவர்களின் முகங்களே அவருடைய வாழ்நாள் வேலை. 2018-ல் பாரிஸில் காலமானார். ஹிப்போலிட்டின் கோழியிறகுத் தூரிகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, அதே கூரையின் கீழ் உட்கார்ந்து வரைந்த இந்த இளைஞர் கண்ணில் படவில்லை. பூசாரியும் மதுக்கடைக் கதவும் ‘வெகுளி’ என்ற தலைப்புக்கு வாகாகப் பொருந்தும், வேலைநிறுத்தம் பொருந்தாது.

விலக்கப்பட்ட ஓவியர்கள் இதை அப்போதே புரிந்துகொண்டார்கள். கலை மையம் வெளிநாட்டு வாங்குபவருக்குப் பிடித்த எளிய பாணியையே தூக்கிப் பிடிக்கிறது என்று குற்றஞ்சாட்டி, 1950-ல் லூசியன் பிரைஸ், மாக்ஸ் பின்ஷினா, தியூதொன்னே செதோர், லூஸ் தூர்னியே முதலியோர் பிரிந்துபோய் ‘ஃபொயே தெ ஸார் பிளாஸ்திக்’ என்ற தனி அமைப்பை உண்டாக்கினார்கள். நகரத்து ஏழைகளும் உழைத்துக் களைத்த உடல்களும் அவர்கள் சட்டகத்துக்குள் வந்தன. சுற்றுலாப் பயணி வரவேற்பறையில் மாட்டக்கூடிய படங்கள் அல்ல அவை, பெரிதாக விற்கவில்லை. விற்காதது இல்லாததாகவே கணக்கில் வைக்கப்பட்டது.

சரி, நவீன ஓவியர்களை ஒதுக்கிவிடலாம். வெகுளிப் பட்டியலிலேயே முதல் வரிசையில் நிற்பவர்களை எடுத்துக்கொள்ளலாம். ஃபிலோமே ஓபின் 1892-ல் பிறந்தவர். வடக்கே காப்-ஹைட்டியன் நகரத்துக்காரர். பீட்டர்ஸ் ஹைட்டியில் கால் வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரைந்துகொண்டிருந்தார். கலை மையத்துக்கு அவர் அனுப்பிவைத்த முதல் படம், 1934-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் காப்-ஹைட்டியனுக்கு வந்ததைக் காட்டுவது. 1915 முதல் 1934 வரை 19 ஆண்டுகள் ஹைட்டியை அமெரிக்கப் படை ஆண்டது. அந்த ஆக்கிரமிப்பு முடிந்த தருணத்தை ஆவணமாக்கிய படம் அது. வெகுளி என்று பெயர் வாங்கியவரின் அறிமுகச் சீட்டே அரசியல் செய்திதான்.

ஓபினின் ‘சுதந்திரத்துக்காக ஷார்ல்மாஞ் பெரால்ட் சிலுவையில் அறையப்படல்’ இன்னும் நேரடியானது. பெரால்ட் ஆக்கிரமிப்புக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டிப் போராடியவர். 1919-ல், 33 வயதில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் மாறுவேடத்தில் முகாமுக்குள் புகுந்து அவரைச் சுட்டார்கள். உடலைக் கதவொன்றில் கட்டி நிறுத்தி, புகைப்படமெடுத்து, மக்களை மிரட்டுவதற்காக ஊரெங்கும் பரப்பினார்கள். இடுப்பில் மட்டும் துணி, ஒருபுறம் சாய்ந்த தலை, பின்னால் கொடி. பார்த்தவர்களுக்குப் பயம் வரவில்லை, கிறிஸ்து நினைவுக்கு வந்தார். ஓபின் படைக்காரர்களின் அந்தப் புகைப்படத்தையே எடுத்து, கதவைச் சிலுவையாக்கி, அருகே கருப்புடையில் தாயை நிறுத்தினார். எதிராளி அச்சடித்த மிரட்டலை அவனுக்கே எதிரான சாட்சியாக மாற்றியது அந்தப் படம். தட்டையான உருவங்களையும் கச்சிதமான கோடுகளையும் காட்டி இதைக் குழந்தைத்தனம் என்பவர்கள், பைசாந்தியத் திருவுருவங்களைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை.

இளைஞர்கள் விஷயத்துக்கு வந்தால் இரண்டு வாழ்க்கைகளைச் சொல்ல வேண்டும். காஸ்தெரா பசீல் 1923-ல் பிறந்தவர். பிழைப்புக்குத் தலைநகர் வந்து பீட்டர்ஸிடம் வேலைக்காரராகச் சேர்ந்தவர். கலை மையத்தைப் பெருக்கித் துடைத்தபடியே மற்றவர்கள் வரைவதைப் பார்த்துத் தானும் வரையத் தொடங்கினார். ஹைட்டியில் இது சாதாரணமாகக் கடந்துபோகும் விவரமல்ல. கிராமத்து ஏழைப் பெற்றோர், பிள்ளைக்குச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்று நம்பி நகரத்து வீடுகளுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் அங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. அப்படிப் போகும் பிள்ளைகளை ‘ரெஸ்தாவெக்’ என்பார்கள். பெரும்பாலோருக்குப் பள்ளி வாய்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமப்பதும் அடி வாங்குவதும்தான் வாய்க்கிறது. 2009-ல் வெளியான ஒரு கள ஆய்வு இவர்களின் எண்ணிக்கையை 2,25,000 என்று மதிப்பிட்டது. பசீல் வளர்ந்தபின் வேலைக்குப் போனவர், ரெஸ்தாவெக் அல்ல. ஆனால் பிறர் வீட்டுத் தரையைத் துடைப்பவன் கண்ணால் உலகம் எப்படித் தெரியும் என்பதை அறிந்த கை அது. ஏழைக் குடும்பங்களும் உழைப்பாளிகளும் அவருடைய படங்களில் அலங்காரப் பொருளாக வருவதில்லை. கனத்த உடலோடு, சட்டகத்தை நிறைத்து நிற்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய சில ஆண்டுகளில், 1966-ல் அவர் இறந்தார்.

வில்சன் பிகோ 1931-ல் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். ஹிப்போலிட்டின் பக்கத்து வீட்டுப் பையன். ஹிப்போலிட்தான் அவரைக் கலை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது வயது 15. எபிஸ்கோபல் திருச்சபையின் பரிசுத்த திரித்துவப் பேராலயச் சுவர்களை ஓவியங்களால் நிரப்ப 1950-51-ல் ஏற்பாடானபோது, கானா ஊர்க் கல்யாணத்தை வரையும் பொறுப்பு இருபதைத் தொட்டுக்கொண்டிருந்த பிகோவுக்கு வந்தது. விவிலியத்தின் கானாவை அவர் பாலஸ்தீனத்தில் வைக்கவில்லை. ஹைட்டிக் கிராமமொன்றின் குன்றடியில், மத்தளச் சத்தத்துக்கு நடுவே பந்தி போட்டார். விருந்தினர்கள் ஹைட்டியர்கள். பக்கத்துச் சுவர்களில் ஓபினும் பசீலும் டுஃபோவும் ரிகோ பெனுவாவும் வரைந்தார்கள். மேட்டுக்குடியினர் பலர் முகம் சுளித்தார்கள். விவிலியத்தில் கறுப்பு முகங்களைக் காணச் சகிக்கவில்லை. வெகுளிப் படத்தைப் பார்த்து யாரும் அப்படி முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது சாதாரணமாக எவருக்கும் தோன்ற வேண்டிய விஷயம்.

அமெரிக்க மியூசியங்கள் பிகோவின் படங்களை வாங்கின. 1950-களின் பிற்பாதியில் அவருக்குத் தொடர்ந்து மனநலம் குலைந்தது. பிறகு தலைநகரை விட்டே விலகிப்போய் நீண்டகாலம் வாழ்ந்தார். படங்களின் விலை எங்கோ ஏறிக்கொண்டிருக்க, வரைந்தவர் மறக்கப்பட்டார். 15 வயதில் கண்டெடுத்த பையனுக்கு 30 வயதில் என்ன ஆயிற்று என்று கேட்கும் பழக்கம் கண்டுபிடிப்புக் கதைகளுக்கு இல்லை. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் பேராலயம் இடிந்தது; 14 சுவரோவியங்களில் மூன்றுதான் மிஞ்சின: ஓபினின் ‘கடைசி இராவுணவு’, பசீலின் ‘கிறிஸ்துவின் ஞானஸ்நானம்’, டுஃபோவின் ஊர்வலக் காட்சி. கானா கல்யாணம் தூளாயிற்று. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், பிகோவும் இறந்தார்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹைட்டியில் ஒன்றையொன்று அச்சடித்தது போன்ற சந்தைக் காட்சிகள் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டன என்பதை மறுக்க முடியாது. தலைநகரின் இரும்புச் சந்தையில் அவை அடுக்கடுக்காகத் தொங்கின. ஹைட்டியில் இல்லாத சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் அடர்காட்டில் உலாவும் படங்கள்கூட அங்கே அமோகமாக விற்றன. ஆனால் அந்தச் சந்தை எப்போது செழித்தது? பிரான்சுவா துவாலியே 1957-ல் ஆட்சியைப் பிடித்தார். 1971-ல் அவர் இறந்ததும் 19 வயது மகன் ழான்-குளோத் பட்டத்துக்கு வந்தார். தந்தை காலத்தில் தொந்தோன் மக்கூத் என்னும் துணைப்படை நள்ளிரவில் கதவைத் தட்டியது. ஃபோர்ட் திமான்ஷ் சிறைக்குள் போனவர்களில் பலர் திரும்பவில்லை. மகன் காலத்தில் அந்தப் படையைக் கலைக்காமலே சுற்றுலாப் பயணிகளுக்கு வாசல் அகலத் திறக்கப்பட்டது. கப்பலில் வந்து இறங்கியவருக்கு மூட்டையில் மடித்துப்போகச் சிரிப்பு தேவைப்பட்டது. வரைபவருக்கு அரிசி தேவைப்பட்டது. ஆட்சிக்கு அமைதியான தோற்றம் தேவைப்பட்டது. மூவருக்கும் ஒத்துவந்த சரக்குதான் இரும்புச் சந்தையில் தொங்கியது. அதை வைத்து ஒரு நாட்டு ஓவியர்களின் மனதை அளப்பது, காலண்டர் படங்களை வைத்து ஒரு மக்களின் பக்தியை அளப்பதற்கு ஒப்பு.

பயத்திலும் பேச வழி இருந்தது. ஜாஸ்மின் ஜோசஃப் மனிதர்களுக்குப் பதில் முயல்களையும் மற்ற விலங்குகளையும் வரைந்தார். ஹைட்டியில் விலங்குக் கதை சொல்லியே அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் மரபு உண்டு. பார்த்தவர்களுக்குப் புரிந்தது, மாட்டிக்கொள்ள ஆதாரம் இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு அந்த மறைப்பு தேவைப்படவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போன எதுவார் துவால்-கரியே, 1979-ல் ழான்-குளோத் துவாலியேயை மணப்பெண் உடுப்பில், தன் தலைக்குத் தானே கைத்துப்பாக்கி பிடித்த கோலத்தில் வரைந்தார். ஏழாண்டு கழித்து அந்த ஆட்சி ஓடியது.

ஓடவைத்தவர்களும் பிள்ளைகள்தான். 1985 நவம்பர் 28-ல் கோனாயீவ் நகரில் போராட்டத்தின்போது படையினர் சுட்டதில் பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். நாடு முழுதும் கொதித்தது, பள்ளிகள் காலியாயின, 1986 பிப்ரவரி 7-ல் துவாலியே விமானமேறினார். அடுத்த வாரங்களில் இளைஞர்கள் துடைப்பமும் பெயிண்டுமாகத் தெருவுக்கு வந்தார்கள். குப்பை வாரினார்கள், நடைபாதை ஓரங்களுக்கு வண்ணமடித்தார்கள், சுவர்களில் வரைந்தார்கள். 1991 ராணுவப் புரட்சி, 1994-ல் அதிபர் அரிஸ்தீதின் மீட்சி என ஒவ்வொரு திருப்பத்திலும் போர்ட்-ஓ-பிரின்ஸ் சுவர்கள் மாறிக்கொண்டே இருந்தன. இந்தச் சுவரோவியங்களை ஆய்வாளர்கள் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். கேலரிக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் சந்தை அவற்றைத் தொடவில்லை. ஜலூசியில் அரசு அடித்த பெயிண்டையும் 1986-ல் இளைஞர்கள் தாங்களாகவே அடித்த பெயிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது கூட்டம் முதலில் குப்பையை வாரியது.

1980-களில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய பீதி பரவியபோது அமெரிக்கச் சுகாதாரத் துறை ஹைட்டியர்களையே ஆபத்துப் பிரிவினராகப் பட்டியலிட்டது. சுற்றுலா படுத்தது. தலைநகரின் தெசாலின் நெடுஞ்சாலையை ஒட்டிய கிராண்ட் ரூ பகுதியில், பயணிகளுக்காக மரச் சிலை செதுக்கிப் பிழைத்த பட்டறைகள் வெறிச்சோடின. அந்தப் பட்டறைச் சூழலில் தொழில் பழகிய ஆந்த்ரே எழேன், ழான் எரார் செலர் ஆகியோர் வாங்க ஆளில்லாத அழகுப் பொருளை விட்டுவிட்டு, பழைய கார் சஸ்பென்ஷன், கிழிந்த டயர், உடைந்த டிவி, மனித மண்டையோடு எனக் கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டு உருவங்கள் செய்தார்கள். ‘அத்தீஸ் ரெசிஸ்தான்ஸ்’ என்ற குழு அப்படி உருவானது. இவை ஓவியமல்ல, சிற்பம்; ஆனாலும் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு இவர்கள் அவசியம், காரணம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். பட்டறையைச் சுற்றி வந்த சிறுவர்கள் தாங்களும் படம் வரையவும் உருவம் செய்யவும் தொடங்கி, ‘டி மூன் ரெசிஸ்தான்ஸ்’ என்ற தனிக் கூட்டமாகவே ஆனார்கள். 2007-ல் லிவர்பூலின் அடிமைமுறை அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்ட ‘சுதந்திரம்!’ என்ற பெரிய உருவத்திலும் போர்ட்-ஓ-பிரின்ஸ் இளைஞர்களின் கை இருந்தது. மியாமியில் தங்கள் படைப்புகள் வைக்கப்பட்ட கண்காட்சிக்குப் போக விசா கேட்ட கிராண்ட் ரூ கலைஞர்களுக்கு மறுக்கப்பட்டது. உலகத்தை இங்கேயே வரவழைப்போம் என்று 2009 டிசம்பரில் ‘கெட்டோ பியனாலே’வைத் தங்கள் சந்துக்குள்ளேயே நடத்தினார்கள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு ‘துன்பத்திலும் மலரும் கலை’ என்ற பேச்சு வெளிநாட்டு இதழ்களில் பெருகியது. தீர்ப்பின் பாராட்டு வடிவம் அது. இப்போது அதுதான் அதிகம் கேட்கிறது. வறுமை இவர்களை ஓவியர்களாக்கியது என்பது அதன் சாரம். வறுமை எங்கிருந்து வந்தது என்பதை அது கேட்பதில்லை. 1804-ல் அடிமைகள் விடுதலை பெற்று நாடமைத்ததற்குத் தண்டமாக பிரான்ஸ் 1825-ல் 15 கோடி ஃபிராங்க் கேட்டது. பின் 9 கோடியாகக் குறைத்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசித் தவணை 1947-ல்தான் முடிந்தது. ஹிப்போலிட்டின் படங்களை யுனெஸ்கோ கண்காட்சியில் பார்த்துப் பாரிஸ் மெய்மறந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். வறுமைக்குக் கலையுணர்வு இருந்தால் பணக்கார நாடுகள் கலைப்பள்ளிகளை இழுத்து மூடிவிட்டுப் பட்டினியைப் பாடமாக வைத்திருக்கும். பசீல் வரைந்தது வேலைக்காரராக இருந்ததால் அல்ல; வரைபவர்கள் பக்கத்தில் நிற்க ஓர் இடம் கிடைத்ததால். அப்படி இடம் கிடைக்காத பசீல்கள் எத்தனை பேர் என்பதுதான் மலர்ச்சி பேசுபவர்கள் தொடாத கணக்கு.

நிலநடுக்கம் நடந்த சில நாளில் ‘நியூயார்க்கர்’ இதழின் அட்டையில் ஃப்ரான்ட்ஸ் செஃபிரினின் ஓவியம் ஒன்று வந்தது. இறந்தவர்களின் உலகுக்கான வாசலைக் காட்டும் அந்தப் படம் பேரழிவுக்கு அஞ்சலியாக வரையப்பட்டது என்றே வாசகர்கள் பலர் நினைத்திருப்பார்கள். அது 2007-ல் வரைந்தது. சாவு ஹைட்டி ஓவியத்துக்குள் ரிக்டர் அளவையைப் பிடித்துக்கொண்டு நுழையவில்லை. முன்பே அங்கே இருந்தது. தலைநகரின் சுவர்களில் ஸ்ப்ரே பெயிண்டோடு திரிந்த இளைஞர் ஜெரி ரோசம்பெர் மொயீஸ் வரைந்ததோ அந்த நாட்களுக்கான படமே: ஹைட்டியின் வரைபடமே ஒரு முகமாகி, கண்ணீர் வழிய, கைகூப்பி நிற்கும். இடிந்த வீடுகளுக்கு நடுவே டார்பாலின் கூடாரங்களில் இருந்தவர்கள் தெருவில் நடக்கும்போது பார்த்த ஓவியம் அது. டிக்கெட் இல்லை, விளக்கக் குறிப்பு இல்லை, விற்பனைக்கும் இல்லை.

அண்மைக் காலத்தில் பெயர்ப்பலகை மெல்ல மாறுகிறது. 2022-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த தோகுமென்டா கண்காட்சியில் கிராண்ட் ரூ குழுவினர் ஒரு தேவாலயத்தையே தங்கள் படைப்புகளால் நிரப்பினார்கள். அதே ஆண்டு வெனிஸ் பியனாலேயின் மையக் கண்காட்சியில் செஃபிரினும், மணியும் பாசியும் கோத்து வூடூக் கொடிகள் தைக்கும் மிர்லாந்த் கோன்ஸ்தானும் இடம்பெற்றார்கள். 2024-ல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் ஹைட்டிப் படைப்புகளை ‘நவீனக் கலை’ என்ற தலைப்பில் காட்சிக்கு வைத்தது. 1950-ல் கலை மையத்தை விட்டு வெளியேறியவர்கள் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். வெனிஸ் கண்காட்சிக்குச் சூட்டியிருந்த பெயரில் மட்டும் ‘கனவு’ என்ற சொல் இருந்தது.